தலைக்கு நூறு அரிசி

ஞாயிறு இரவு, குக்கர் இறங்கிய பிறகு
பாடக்குறிப்பேட்டைத் திறந்தேன்.
ஏழாம் வகுப்பு. கணக்கு. சதவீதம்.
நான்காம் பாடவேளை, நாற்பது நிமிடம்.
பதினோரு வருடமாகக் கை தானாக எழுதும் வரி:
‘ஆசிரியர் விளக்குவார், மாணவர் கவனிப்பர்.’
கரும்பலகை போய் ஸ்மார்ட் போர்டு வந்தும்
வாக்கியம் அப்படியேதான் இருந்தது.

அடித்தேன்.
எழுவாயை மாற்றி ‘மாணவர்’ என்று தொடங்கினால்
கவனிப்பர், கேட்பர், எழுதிக்கொள்வர்,
எல்லாம் உட்கார்ந்தபடி செய்கிற வினைகள்.
குனிய வைக்கிற, கை நீட்ட வைக்கிற
ஒன்று வேண்டியிருந்தது.
‘மாணவர் எண்ணுவர்.’
எதை?

புதுவயலில் அதற்கு வெகுதூரம் போகவேண்டாம்.
பள்ளிச் சுவருக்கு அந்தப்பக்கமே
நெல் அவியும் வாடை.
இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேர் வீட்டில்
யாராவது ஒருத்தர் மில்லுக்குப் போகிறார்கள்.
காலையில் போய்
சலிக்காத அரிசி ஒரு கிலோ கேட்டேன்.
‘குருணை கலந்திருக்குமே டீச்சர்,
நல்லதாத் தர்றேன்’ என்றார் மேஸ்திரி.
குருணைதான் பாடம் என்றேன். சிரித்தார்.

நோக்கம் என்ற கட்டத்தில்
நான் வழக்கமாக ஒளிந்துகொள்ளும்
பெரிய சொற்களை விட்டுவிட்டேன்.
தலைக்கு நூறு அரிசி.
உடைந்ததை ஒதுக்கு. எண்ணு. சொல்.

அழகம்மை பதினொன்று என்றாள்.
பாசித் ஒன்பது.
நூறில் பதினொன்று, பதினொன்று சதவீதம்.
இவ்வளவுதானா என்று
திருக்குமரனுக்கு ஏமாற்றமாகவே இருந்தது.
பதினைந்தாம் நிமிடத்தில் பாடம் தீர்ந்துவிட்டது.
மீதியை என்ன செய்வதென்று
குறிப்பேட்டை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அப்போது மணிமுத்து எழுந்து நின்றான்.
‘எனக்குத் தொண்ணூத்தாறுதான் டீச்சர் இருக்கு.’
மிச்சம் நாலு?
தாடை அசைவது நின்றது.
‘தின்னது முழுசா, குருணையா?’
‘பாக்கலை டீச்சர்.’

வகுப்பு சிரித்து முடிக்கும்வரை
எனக்கு ஒரே வேலை,
வேறு நாலு அரிசி கொடுக்காமல் இருப்பது.
கை டப்பாவரை போய்விட்டது.
இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் பன்னிரண்டு உடைசல்.
‘அப்ப பன்னிரண்டு சதவீதம்.’
‘நூறு இல்லையேடா’ என்றாள் அழகம்மை.
கூட்டணும். இல்லை, கழிக்கணும்.
இல்லை, நாலையும் துப்பச் சொல்லணும்.
சத்தம் வராண்டாவைத் தாண்டியது.
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிங்கி குமாரி எதுவும் சொல்லவில்லை.
சிவானிலிருந்து வந்து ஒன்றரை வருடம்.
மணிமுத்துவின் அரிசியை வாங்கித்
தன் பரீட்சை அட்டையில் கொட்டினாள்.
பன்னிரண்டு குருணையையும் நெடுக அடுக்கினாள்.
பிறகு முழு அரிசியை
பந்தியில் பரிமாறுகிற மாதிரி
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒவ்வொன்றாக
வைத்துக்கொண்டே வந்தாள்.
தீர்ந்தபோது ஒவ்வொரு குருணைக்கும்
துணையாக ஏழு.
அட்டையை நடுவில் தள்ளினாள்.
‘எட்டுல ஒண்ணு.’

அப்படியென்றால் நூறில், என்று நான் கேட்பதற்குள்
மணி அடித்துவிட்டது.
யாரும் எழவில்லை என்று எழுத ஆசைதான்.
தட்டோடு ஓடினார்கள்.
முதல் ஆள் மணிமுத்து.

சாயங்காலம் கையெழுத்துப் போடும்போது
‘ஆசிரியர் செயல்பாடு காலியா இருக்கே’ என்றார்
தலைமையாசிரியர்.
டப்பாவிலிருந்து கையை எடுத்தேன் சார் என்றேன்.
ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப்
பச்சை மையில் சுழித்தார்.

முன்னறிவு என்று ஒரு கட்டம் உண்டு.
‘பின்னங்கள் அறிவர்’ என்றே நிரப்பியிருக்கிறேன்.
காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதையும்
மணிமுத்து ஏழாம் வகுப்பு என்பதையும்
அதில் எழுதியதில்லை.

செவ்வாய். நான்காம் பாடவேளை.
கேள்வி: எட்டில் ஒன்று என்றால் நூறில் எத்தனை?
விடையை நான் சொல்வதாக இல்லை.
தேவையான பொருள்கள்:
அதே அரிசி, பரீட்சை அட்டைகள்,
பொட்டுக்கடலை அரைக் கிலோ,
எண்ணுவதற்கு அல்ல.